காற்றக்காவும் ஃப்ராவ் முத்துக்கருப்பனும்

ஜெர்மனியின் மேற்கில் வீசுகிற காற்றில் பாதியாவது, காற்றக்கா திறந்துவிட்ட ஜன்னல்கள் வழியாக ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்ததாகத்தான் இருக்கும். மீதிப் பாதிக்கு அவருக்கு நேரம் கிடைத்திருக்காது.

டோர்ட்மண்டில் முதுகலை படிக்கப் போய் நான் இறங்கிய மாணவர் விடுதிக்கு அவர்தான் ஹவுஸ்மைஸ்டர். ஜெர்மனியில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு தெய்வங்கள். கட்டடத்தின் உரிமையாளர் கண்ணுக்குத் தெரியாத தெய்வம். ஹவுஸ்மைஸ்டர் நேரில் தோன்றுகிற தெய்வம். குழாய் ஒழுகினால் வருவார், விளக்கு எரியாவிட்டால் வருவார், வாழைப்பழத் தோலைக் காகிதத் தொட்டியில் போட்டால் கூப்பிடாமலே வருவார். எங்கள் தெய்வத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஐந்து வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். இடுப்பில் அறுபது சாவி. கையில் எப்போதும் சுவரில் துளை போடும் இயந்திரம். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு. மற்றவர்கள் அடையாள அட்டை மாட்டிக்கொள்கிற அந்தக் கயிற்றில், இவர் காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும் ஒரு சின்ன மின்கருவியை மாட்டியிருந்தார்.

பெயர் வைத்தது பக்கத்து அறை ஸ்வேதா. கோயம்புத்தூர்க்காரி, எனக்கு ஒரு வருடம் முந்தியவள். "Actually அவங்க பேரு யாருக்குமே தெரியாதுடி. காற்றக்கான்னு சொன்னா போதும், டோர்ட்மண்ட்ல பாதி பேரு automatic-ஆ போய் window-வத் திறப்பாங்க" என்றாள்.

நான் திருச்சியிலிருந்து இருபத்து மூன்று வரிகள் கொண்ட ஒரு பட்டியலோடு வந்திருந்தேன். என்னைப் பொறுத்தவரை பயம் என்பது இன்னும் பட்டியலில் எழுதாத வேலை. எழுதிவிட்டால் பாதி குறையும். முதல் வரி, கடிதப் பெட்டியில் பெயர் ஒட்டுவது. அந்த நாட்டில் பெட்டியில் பெயர் இல்லாதவருக்குக் கடிதம் வராது. தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்க்க மாட்டார், பெயரைப் பார்ப்பார். கடைசி வரியைச் சிவப்பில் அடிக்கோடிட்டிருந்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதி வாங்குவது. கல்லூரிச் சான்றிதழ் ஒன்றுக்குக் காத்திருந்து தாமதமாக விமானம் ஏறியதில், என் நுழைவு விசாவில் மீதம் இருந்தது ஐம்பத்திரண்டு நாள்.

அந்த நாட்கள் முடிவதற்குள் அலுவலகத்தில் போய் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதனால் ஆளுக்கொரு பயங்கரம் சொன்னார்கள். அபராதம் என்றான் ஒருவன். படிப்பே ரத்து என்றான் இன்னொருவன். சமைத்துக்கொண்டிருந்த ஒருத்தியைச் சட்டியோடு விமானத்தில் ஏற்றியதாகக்கூட ஒரு கதை இருந்தது.

பெட்டிக்குப் பெயர் ஒட்டும் அதிகாரம் காற்றக்காவுக்கு மட்டும்தான். ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

"பேரை எழுதுங்கோ, பிள்ளை. ஒரு பெட்டிக்கு ஒரு பேர். அது ஹவுஸ் விதி. கூட எழுதினால் அச்சடிக்க ஏலாது."

எழுதினேன். தேன்மொழி. அன்று மாலையே வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்தில் என் பெயர் பெட்டியில் ஏறிவிட்டது. புகைப்படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். முதல் வரியை அடித்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவில் மூன்று தட்டு.

"பிள்ளை, யன்னல் திறந்தனீங்களோ?"

வெளியே ஏழு டிகிரி. நான் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு மங்கி குல்லாவும் போட்டுக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்திருந்தேன். "குளிருதேக்கா" என்றேன்.

அவர் உள்ளே வந்து, நடு அறையில் நின்று, கழுத்துக் கருவியைத் தூக்கிப் பார்த்தார். "அறுபத்தொம்பது! இது அறையோ, மழைக்காடோ? ஒரு கிழமை இப்பிடி விட்டால் சுவரெல்லாம் ஷிம்மல் பிடிச்சிடும்."

ஷிம்மல் என்றால் பூஞ்சணம். ஜெர்மனியில் பேய்க்குப் பயப்படாதவர்கள் உண்டு. ஷிம்மலுக்குப் பயப்படாதவரை நான் பார்த்ததில்லை. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், ஜன்னலை அகலத் திறந்து உள்ளே இருக்கிற காற்று முழுவதையும் வெளியேற்ற வேண்டும் என்பது அந்த நாட்டு ஆசாரம். அதை நம் ஊரில் சந்தியாவந்தனம் செய்கிற கண்டிப்போடு செய்வித்தவர் காற்றக்கா. பீலெஃபெல்டில் சொந்தக்காரர் கல்யாணம், ஜனவரி மாதம். ஓமப் புகை கூடுகிறது என்று மண்டபத்தின் ஆறு ஜன்னலையும் இவர் திறந்துவிட, ஐயர் மாப்பிள்ளையின் சால்வையை வாங்கிப் போர்த்திக்கொண்டுதான் மிச்ச மந்திரத்தைச் சொன்னாராம். "இருவத்தஞ்சு நிமிசத்திலை முடிச்சிட்டார். எவ்வளவு வடிவான கலியாணம்!" என்று அவரே சொல்லிப் பெருமைப்பட்டார்.

மூன்றாம் நாள் ரசத்துக்குக் கடுகு தாளித்தேன். கடுகு வெடித்து முடிவதற்குள் கதவு தட்டப்பட்டது. அவர் இருந்தது நிலவறையில். என் அறை நான்காம் மாடியில். மின்தூக்கி இல்லாத கட்டடம். எப்படி வந்தார் என்பதற்கு இன்றுவரை என்னிடம் அறிவியல் விளக்கம் கிடையாது.

"ரசமோ?" அரை நொடி கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "நல்ல வாசம். யன்னலைத் திறவுங்கோ."

எட்டாம் நாள் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, வரவேண்டிய நாளும் நேரமும் தபாலில் அறிவிக்கப்படும். நாற்பத்து நான்கு நாள் மீதம். அன்றிலிருந்து தினமும் பதினொன்றே முக்காலுக்குத் தபால்காரர் போன பிறகு பெட்டியைத் திறந்தேன். பீட்சா விளம்பரம். மறுநாள் மூக்குக் கண்ணாடி விளம்பரம். நாற்பது நாள் மீதம், மீண்டும் பீட்சா. வகுப்பில் பேராசிரியர் சமன்பாடு எழுதும்போது நான் நோட்டின் ஓரத்தில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பட்டியலில் இருபத்தோரு வரி அடித்தாகிவிட்டது, ஆனால் கடைசி வரியின் பயம் மட்டும் எழுதியும் குறையவில்லை.

இந்த நாட்களில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். நான் படித்தது அளவைக் கருவிகளின் பொறியியல். பாடத்துக்காக என் மேசையில் நானே பொருத்திய ஒரு ஈரப்பத உணரி இருந்தது. அது ஐம்பத்தொன்று என்று காட்டிய அறையில், காற்றக்காவின் கருவி எழுபது காட்டியது. அவர் பேசப் பேச எண் ஏறியது. மூச்சு வாங்க நிறுத்தினால் ஒன்றிரண்டு இறங்கியது. கயிறு குட்டை, கருவி தொங்கியது அவருடைய தாடைக்குக் கீழே, கம்பளிக் கழுத்துத் துணியின் மடிப்புக்குள். அது அறையை அளக்கவில்லை. பல வருடங்களாக அவர் தன் மூச்சைத் தானே அளந்து, அதற்கு எங்கள் ஜன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார்.

சொல்வதா வேண்டாமா என்று ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டேன். சொல்வதற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது, உண்மை. சொல்லாமல் இருப்பதற்கு ஐந்து. அதில் முதலாவது, கடிதப் பெட்டிகளின் சாவி அவரிடம் இருக்கிறது. கடிதம் வரும்வரை வாயைத் திறப்பதில்லை, ஜன்னலை மட்டும் திறப்பது என்று முடிவு செய்தேன்.

இருபத்து நான்கு நாள் மீதம் இருந்தபோது பொறுக்காமல் அலுவலகத்துக்கு எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது. கடிதம் இரண்டு வாரங்களுக்கு முன்பே அனுப்பப்பட்டுவிட்டது.

ஸ்வேதா அறைக்கு ஓடினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். "Relax. Maximum என்ன ஆகும்? அந்த appointment மிஸ் ஆச்சுன்னா next-க்கு எட்டு வாரம் ஆகும், அவ்ளோதான்."

"எனக்கு இருக்கிறதே இருபத்து நாலு நாள்டி."

"ஓ" என்றாள். அதற்குப் பிறகு அவளும் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் சனிக்கிழமை காலை. மடிக்கணினியில் அப்பா. அங்கே மதியச் சாப்பாடு முடிந்து பனியனோடு உட்கார்ந்திருந்தார். "சாப்பிட்டியாம்மா?" என்று அவர் கேட்கவும் கதவில் மூன்று தட்டு விழுந்தது. சனிக்கிழமை ஹவுஸ்மைஸ்டருக்கு விடுமுறை. விடுமுறையில் வருகிறார் என்றால் குப்பைத் தொட்டியைவிடப் பெரிய விவகாரம்.

"முதல் கதவைத் திறவுங்கோ. யன்னல் பிறகு."

உள்ளே வந்தவர் கருவியைத் தூக்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார். "எழுபத்திநாலு. மூண்டு கிழமையாப் பாக்கிறன். தினமும் யன்னல் திறக்கிறீங்கள், இறங்குதில்லை. ஒரு ஆள் மூச்சு விட்டு இவ்வளவு வராது, பிள்ளை. இந்த அறையிலை ரெண்டு பேர் இருக்கிறியள்."

"ஐயோ, நான் மட்டும்தான்க்கா!"

"இப்ப ஆம்பிளைக் குரல் கேட்டது. எனக்குக் காது நல்லாக் கேக்கும். சொல்லுங்கோ, எங்கை முத்துக்கருப்பன்?"

அந்தப் பெயரை நான் அவரிடம் சொன்னதே இல்லை. "அது... அது எங்க அப்பாக்கா."

"அப்பாவையோ ஒளிச்சு வைச்சிருக்கிறியள்? ஒற்றைக் கட்டில் அறையிலை?" என்று குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். அங்கே என் சூட்கேஸ் மட்டும் இருந்தது. அலமாரியைத் திறந்தார்.

அப்போது மேசையிலிருந்து குரல் வந்தது. "யாரும்மா அது? நான்தான் முத்துக்கருப்பன். சொல்லுங்க."

காற்றக்கா அலமாரிக் கதவைப் பிடித்தபடி திரும்பினார். திரையில் பொம்பளை முகம் தெரிந்ததும் அப்பா பதறிப்போய், "ஒரு நிமிஷம் இருங்க, சட்டை போட்டுட்டு வந்துர்றேன்" என்று எழுந்து ஓடினார். காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

"உங்களுக்கு எப்படிக்கா அப்பா பேரு தெரியும்?" என்று கேட்டேன்.

"கடிதம் வந்ததெல்லோ. ஃப்ராவ் முத்துக்கருப்பன் எண்டு. அப்பிடிப் பேரிலை பெட்டி இல்லை எண்டு தபால்காரன் என்னட்டைத் தந்திட்டான்."

ஃப்ராவ் என்பது பெண்களுக்குப் போடும் மரியாதைச் சொல். கூடவே குடும்பப் பெயரைப் போடுவார்கள். ஜெர்மன்காரர் யாராவது அந்தக் கடிதத்தைப் பார்த்திருந்தால், நான்கு மாடியிலும் ஏறி முத்துக்கருப்பன் என்பவள் எவள் என்று விசாரித்திருப்பார். காற்றக்கா தமிழச்சி. முத்துக்கருப்பன் ஆம்பிளைப் பெயர் என்று அவருக்குத் தெரியும்.

"முத்துக்கருப்பன்ர மனிசிக்கு வந்த கடிதம் எண்டு நினைச்சன். இஞ்ச இருக்கிறதெல்லாம் கலியாணம் கட்டாத பிள்ளையள். ஒரு கிழமை கீழை வைச்சிருந்தன், ஒருத்தரும் வந்து கேக்கேல்லை. அப்பிடி ஆள் இல்லை எண்டு எழுதித் திருப்பி அனுப்பினனான். பிறகுதான் இந்த அறை ஈரம் யோசனையைக் குடுத்தது. ஆரோ புருசனை ஒளிச்சு வைச்சிருக்கினம் எண்டு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கடிதம்தான் என் டெர்மின், அதாவது அலுவலகம் எனக்குக் குறித்த நாளும் நேரமும், என் இருபத்து மூன்று நாள், என் படிப்பு என்று எப்படியோ சொல்லி முடித்தேன். ஊரில் 'மு.' என்று ஒற்றை எழுத்தாக என் பெயருக்கு முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்த அப்பா, பாஸ்போர்ட்டில் முழு உருவம் எடுத்துக் குடும்பப் பெயராகிவிட்டதை விளக்கினேன். இந்த நாட்டில் எனக்கு அதுதான் பெயர்.

"பின்னை ஏன் பெட்டிக்கு அதை எழுதித் தரேல்லை?"

"பேருதானே கேட்டீங்க. என் பேரைத்தானே எழுதுவேன்."

நீல நிறச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு அப்பா வந்து உட்கார்ந்து, "இப்ப சொல்லுங்கம்மா" என்றார். காற்றக்காவின் கழுத்தில் எழுபத்து நான்கில் இருந்த எண் எழுபதானது, அறுபத்தைந்தானது. அவர் அவ்வளவு நேரம் பேசாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எங்கட வீட்டிலை அப்பாக்கு ஒரு குடும்பப் பேர், எனக்கு ஒண்டு, தம்பிக்கு ஒண்டு" என்றார் கடைசியில். "எனக்கெல்லோ இது முதல் விளங்கியிருக்க வேணும்."

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு விடுதி வாசலில் நின்றார். சாவிக்கொத்து இல்லை, துளைபோடும் இயந்திரம் இல்லை, நல்ல கோட்டு. கருவி மட்டும் இருந்தது. "வாறன்" என்றார். நான் வரச்சொல்லிக் கேட்டிருக்கவில்லை.

அலுவலகத்தின் நீண்ட நடைபாதையில் எண் சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் முப்பத்தொரு பேர். விடுதியில் நான்கு மாடியையும் அதட்டுகிற அந்தப் பெண், சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"எட்டு வயசிலை இப்பிடி ஒரு கதிரையிலை இருந்து அம்மாவுக்கு மொழிபெயர்த்தனான்" என்றார். "ஏலாது எண்டு அதிகாரியள் சொல்லுவினம். நான் அம்மாட்டை, யோசிக்கினமாம் எண்டு சொல்லுவன்."

பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, கருவியைத் தூக்கிப் பார்த்து "எண்பது!" என்று எழுந்துபோய் நடைபாதை ஜன்னலைத் திறந்தார். காவலாளி கத்திக்கொண்டே வந்தார். காற்றக்கா ஜெர்மனில் ஷிம்மலைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். அடுத்த ஜன்னலைக் காவலாளியே திறந்துவைத்தார். முப்பத்தொரு பேரும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்கள்.

எங்கள் முறை வந்தது. அதிகாரி ஒரு பெண். மூக்கு நுனியில் கண்ணாடி. கோப்பைத் தேடி எடுத்து, அதிலிருந்து திரும்பி வந்த உறையை மேசையில் வைத்தார். உறைமேல் தடித்த பேனாவால் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. இந்த விடுதியில் முத்துக்கருப்பன் இல்லை. அவர் மனைவியும் இல்லை. கீழே விடுதி முத்திரை, இரண்டு தடவை குத்தியது.

"இதை எழுதியது யார்?" என்றார் அதிகாரி.

என் ஜெர்மன் அப்போது பால், ரொட்டி வாங்குகிற அளவுதான். ஆனாலும் அந்தக் கேள்வி புரிந்தது. பேசாமல் இருந்திருந்தால் யாரென்று யாருக்கும் தெரிந்திருக்காது. காற்றக்கா வகுப்பில் கை தூக்குவதுபோல் கையைத் தூக்கினார். "நான். பிழை என்னுடையது. இந்தப் பிள்ளையின் பிழை இல்லை" என்றார் ஜெர்மனில்.

அதிகாரி அவரைப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய கருவியைப் பார்த்தார், உறையைக் கிழித்தார். உள்ளே ஒரே தாள். என் டெர்மின் நாளை மறுநாள், புதன்கிழமை, காலை எட்டே கால். தவறவில்லை.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். காற்றக்காவின் கண் அதிகாரியின் முதுகுக்குப் பின்னாலிருந்த ஜன்னலுக்குப் போவதைக் கவனித்து, நான் அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒரு ஜன்னல் மட்டும் தப்பித்தது.

புதன்கிழமை அனுமதிக்கான வேலை முடிந்தது. கடைசி வரியை அடித்துவிட்டுக் கீழே போனால், கடிதப் பெட்டி வரிசையின் ஓரத்தில் இயந்திரம் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தது. என் பெட்டிக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு பெட்டி. தகட்டில், முத்துக்கருப்பன்.

"ஒரே பெட்டியில ரெண்டு பேரையும் போட்டிருக்கலாமேக்கா?"

"ஒரு பெட்டிக்கு ஒரு பேர்" என்றார் கண்டிப்பாக. "விதி விதிதான்."

இப்படியாக, திருச்சியைத் தாண்டாத என் அப்பாவுக்கு டோர்ட்மண்டில் சொந்தப் பெயரில் ஒரு கடிதப் பெட்டி கிடைத்தது. என் அரசாங்கக் கடிதங்கள் எல்லாம் அவருக்குத்தான் வந்தன. பீட்சா விளம்பரம் எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக வந்தது. வாராவாரம் அப்பா கேட்பார், "என் பெட்டியில ஏதும் வந்துச்சாம்மா?"

இரண்டு வருடம் கழித்து வேறு ஊரில் வேலை கிடைத்து அறையைக் காலி செய்தேன். சுவர், தரை, குழாய், ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட ஹவுஸ்மைஸ்டர் வரவேண்டும். வந்தார். மூலைகளைத் தடவிப் பார்த்தார். ஷிம்மல் இல்லை. அப்பாவின் பெயர்த் தகட்டைக் கழற்றி எடுத்து வந்திருந்தார். என் கையில் வைத்தார். அந்தக் கருவியின் ரகசியத்தை நான் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

வெறும் அறை. என் உணரி நாற்பத்தெட்டு காட்டியது. அவர் பேசாமல் நின்றதால் கழுத்துக் கருவியும் இறங்கியிருக்க வேண்டும். அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். எழுபத்தாறு. பேச்சு இல்லாவிட்டாலும் அவர் மூச்சு கம்பளி மடிப்புக்குள் வேகமாகப் போய்வந்துகொண்டிருந்தது.

"நல்லாக் கூடிப்போச்சு" என்று சொல்லி, என் பக்கம் திரும்பாமலே ஜன்னலை அகலத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். மைனஸ் இரண்டு டிகிரி. பத்து நிமிடம் தாண்டியும் நாங்கள் இரண்டு பேரும் அதை மூடவில்லை.